ஒட்டுதலும் ஒன்றுதலும்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு சிறு மிக் வெல்டர்

தோற்றுவாய்

இரும்போடு இரும்பை இணைக்கும் வித்தை நம் நாட்டிற்குப் புதியதன்று. கொல்லன் இரண்டு துண்டுகளின் முனைகளை உலையிலிட்டுத் துருத்தி ஊதி, அவை வெண்மை பாய்ந்து பொறி சிதறும் பதத்தில் எடுத்து, பட்டடைமேல் ஒன்றன்மீதொன்று வைத்துச் சம்மட்டியால் அடிப்பான். நல்ல கொல்லனது கையில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடும். எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்கிற்று என்று பிரித்தறிய இயலாது. பதந் தவறியவிடத்தோ அவை ஒன்றாவதில்லை. ஒன்றன்மேலொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் அவ்வளவே. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒரு தன்மையவாகவே தோன்றும். பாரம் ஏறும்பொழுதுதான் வேறுபாடு வெளிப்படும்.

ஒட்டுதல் வேறு; ஒன்றுதல் வேறு. இக்கட்டுரையிற் சொல்லப்புகுவன யாவும் இவ்வொரு வேறுபாட்டின் விரிவே என்க.

இற்றைநாளில் உலையும் துருத்தியுமின்றி, கையாற் தூக்கத்தக்க ஒரு மின்பொறியைக் கொண்டு இவ்வேலையை வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே செய்துகொள்ளலாம். வாயிற்கதவின் கீலோ, செடித்தொட்டி வைக்கும் தாங்கியோ, வேலைமேசையின் காலோ, எதுவாயினும் ஒரு மாலைப்பொழுதில் முடித்துத்தரும் அப்பொறிக்கு மிக் வெல்டர் என்று பெயர். மின்னாற் பற்றவைக்கும் முறைகளுள் கற்றற்கு எளியது இதுவே என்பர். அஃது உண்மையே. ஆயினும், கற்றற்கு எளிய இம்முறையே கற்றாரை ஏமாற்றுதற்கும் எளியது. அழகிய தோற்றத்தை இது ஓரிரு நாட்பழக்கத்திலேயே தந்துவிடும். உறுதியை அவ்வாறு தாராது. ஆதலின் இப்பொறியைத் தேர்வதும் ஆள்வதும் எவ்வாறு என்பதை முறையே ஆராய்வாம்.

யான் கற்ற பாடம்

பிறர்க்கு அறிவு கூறுமுன் என் பிழையைக் கூறுதல் முறையாம். பொறி வாங்கிய புதிதில் மெல்லிய சதுரக் குழாய்களை இணைத்துச் சில சிறு சாமான்கள் செய்தேன். அவை நன்றாகவே அமைந்தன. அவ்வூக்கத்தால், ஊஞ்சற் சங்கிலி மாட்டுதற்கு 6 மி.மீ. கனமுள்ள தகடுகளைக்கொண்டு ஒரு கொண்டி செய்தேன். மெல்லிய குழாய்க்கு வைத்திருந்த அளவிலேயே பொறி நின்றது. அதனை மாற்றவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. உருகிப் படிந்த இரும்பு வயல்வரம்புபோல் ஒழுங்காக உயர்ந்து, தொடுத்த சரம்போல் விளங்கிற்று. கண்டவர் புகழ்ந்தனர். வண்ணம் பூசி மாட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை யான் அமர்ந்திருக்கையிலேயே ஒருபுறத்துக் கொண்டி விட்டுப்போயிற்று. எனக்கு முழங்கையிற் சிராய்ப்பன்றி வேறு தீங்கில்லை. ஆனால் அதுவரை என் மடியில் இருந்த தங்கை மகன் சற்றுமுன்னரே இறங்கி உள்ளே சென்றிருந்தான். அதனை நினைக்குந்தோறும் இன்றும் உடல் நடுங்கும்.

விழுந்த தகட்டை எடுத்துப் பார்த்தேன். அவ்வழகிய வரம்பு முறியவில்லை. காய்ந்த சேற்றுப்பொருக்குப்போல் முழுமையாகப் பெயர்ந்து வந்திருந்தது. அதன் அடியிலே, பற்றவைக்குமுன் கிரைண்டர் தேய்த்த கீற்றுக்கள் ஒன்றும் அழியாமல் அப்படியே இருந்தன. உருகிய கம்பி தகட்டின்மேற் படிந்ததேயன்றித் தகடு உருகவேயில்லை. ஒட்டியது; ஒன்றவில்லை. அன்று அக்கீற்றுக்களிற் கண்டதை வேறெந்த நூலிலும் யான் அவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

மிக் என்பது யாது?

மின்சாரம் இடைவெளியைத் தாவும்பொழுது தோன்றும் பெருஞ்சுடரை மின்வில் என்பர். 1881 ஆம் ஆண்டில் உருசியரான நிக்கலாய் பெனார்டோஸ் கரிக்கோலொன்றின் நுனியில் எழுப்பிய மின்வில்லால் உலோகத்தை உருக்கி இணைத்துக்காட்டினார். 1888 இல் நிக்கலாய் சிலாவியானோவ் கரிக்கோலுக்குப் பதிலாக உலோகக்கோலையே வைத்து, அக்கோலும் உருகி இணைப்பை நிரப்புமாறு செய்தார். சுவீடன் நாட்டு ஆஸ்கர் செல்பெர்க் 1907 ஆம் ஆண்டளவில் அக்கோலுக்கு மேற்பூச்சு இட்டார். அப்பூச்சு எரிந்து புகையும் கசடும் ஆகி, உருகிய இரும்பைக் காற்றினின்றும் காக்கும். இன்று தெருமுனைப் பட்டறைகளில் ராடு வைத்துச் செய்யும் வெல்டிங் இதன் வழிவந்ததே.

1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துப் பாட்டல் நிலையத்தில் வேறொரு வழி உருவாயிற்று. கோலுக்குப் பதிலாக மெல்லிய வெறுங்கம்பியை ஒரு மோட்டார் இடையறாது தள்ளிக்கொண்டிருக்கும். அதனைச் சூழ ஒரு வாயு பாய்ந்து காற்றை விலக்கும். முதலில் ஆர்கான் முதலிய மந்தவாயுக்களே பயன்பட்டமையின், உலோகம், மந்தம், வாயு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து மிக் என்று வழங்கலாயினர். 1953 இல் மலிவான கரியமிலவாயுவைக்கொண்டும் எஃகைப் பற்றவைக்கலாமென்று கண்டனர். அது மந்தவாயுவன்று, ஆதலின் நுணுகிப் பேசுவோர் அதனை மேக் என்பர். நம் பட்டறைகளில் சி.ஓ.2 வெல்டிங் என்னும் பெயரே பெருவழக்கு.

வீட்டுப்பொறி இயங்கும் விதத்தை நன்கு உளங்கொள்ளல் வேண்டும். டார்ச்சின் விசையை அழுத்தியவுடன் கம்பி வெளிவந்து தகட்டைத் தொடும். தொட்டவுடன் மின்னோட்டம் மிகுந்து கம்பியின் நுனி உருகி, துளியாகத் தகட்டில் இறங்கும். கம்பி அற்றவுடன் மின்வில் எழும். கம்பி மீண்டும் நீண்டு தகட்டைத் தொட, வில் அணையும். இவ்வாறு ஒரு நொடியில் 20 முதல் 200 முறை வரை நிகழும். வில் அணைந்து அணைந்து எரிவதால் தகட்டிற் செல்லும் வெப்பம் குறைவு. மெல்லிய தகடு ஓட்டையாகாமல் இணைதற்குக் காரணம் இதுவே. கனத்த தகடு உருகாமல், வரம்பு அதன்மேல் வெறுமனே படிதற்குக் காரணமும் இதுவே. குணமும் குற்றமும் ஒரே வேரிற் பிறந்தன என்பதை மறவற்க.

பொறியைத் தேர்தல்

பொறி வாங்கச் செல்வோன் முதலிற் கேட்கவேண்டிய வினா விலையன்று, "யான் இணைக்கப்போகும் இரும்பின் கனம் யாது?" என்பதே. எஃகில் ஒவ்வொரு மி.மீ. கனத்திற்கும் ஏறக்குறைய 40 ஆம்பியர் வேண்டும் என்பது தொழிலாளர் கைக்கணக்கு. 2 மி.மீ. குழாய்க்கு 80, 3 மி.மீ. பட்டைக்கு 120 என்று கொள்க. கதவு, சாளரக்கம்பி, மேசைச் சட்டம் முதலியன பெரும்பாலும் 3 மி.மீ.க்கு உட்பட்டனவே. ஆதலின் 140 முதல் 160 ஆம்பியர் வரை தரும் பொறி வீட்டிற்குப் போதும். பெரும் எண்ணைக் கண்டு மயங்கவேண்டா. குறைந்த அளவும் நோக்குக: 30 அல்லது 40 ஆம்பியருக்கு இறங்கி அமைதியாக எரியாத பொறி மெல்லிய தகட்டிற்கு உதவாது.

இரண்டாவதாக நோக்கற்பாலது வீட்டு மின்சாரம். இதனைக் கணக்கிட்டே காண்பாம். மின்வில்லின் அழுத்தத்தை அறிய, ஆம்பியரை 0.05 ஆற் பெருக்கி 14 ஐக் கூட்டுக. 80 ஆம்பியருக்கு 18 வோல்ட் ஆகும். இரண்டையும் பெருக்க 1,440 வாட். பொறியினுள் ஐந்திலொரு பங்கு வீணாவதாகக் கொண்டால், சுவரிலிருந்து எடுப்பது 1,800 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுக்க 8 ஆம்பியர் வரும். ஆயினும் சிறு பொறிகள் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை; திறன் காரணி 0.7 என்று கொண்டால் 11 ஆம்பியர் ஆகும். 16 ஆம்பியர் பிளக் இதனைத் தாங்கும். இவ்வாறே 140 ஆம்பியருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 23 ஆம்பியர் வரும். அதனை அப்பிளக் தாங்காது. அவ்வளவு வேண்டுவோர் மின்பணியாளரைக்கொண்டு மீட்டர்ப் பலகையிலிருந்து தனிக்கம்பி இழுத்துக்கொள்க. சாதாரண மின்விசிறிப் பிளக்கில் இப்பொறியை மாட்டுதல் கூடவே கூடாது.

நீட்டுக்கம்பி வேண்டின், 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செப்புக்கம்பியாகவும் கூடியமட்டும் குறுகியதாகவும் இருத்தல்வேண்டும். சுருளாக வைத்துக்கொண்டு வேலை செய்தால் அது சூடேறும்; முழுதும் விரித்துவிடுக. மெல்லிய நீட்டுக்கம்பியாலும், மாலைவேளையில் ஊரெங்கும் விளக்கெரியும்போது அழுத்தம் தாழ்வதாலும், பல பொறிகளில் வெப்பம் குறையும். குமிழ் காட்டும் எண் மாறாதிருக்க, தகடு மட்டும் குளிர்ந்திருக்கும், ஒட்டுதல் நிகழும்.

மூன்றாவது, வேலைக்காலம். பொறியின் பின்புறத் தகட்டில் "140 ஆம்பியர், 20 விழுக்காடு" என்று பொறித்திருப்பின், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் எரித்து எட்டு நிமிடம் ஆறவிடுக என்பது பொருள். இது மிகக் குறைவென்று தோன்றும். எனினும் நிமிடத்திற்கு 30 செ.மீ. நகர்ந்தால் இரண்டு நிமிடத்தில் 60 செ.மீ. வரம்பு இடலாம். தேய்த்தல், அளத்தல், பிடித்துக்கட்டுதல் ஆகியவற்றிற்கு மிகுந்த நேரம் செல்லும் வீட்டுவேலைக்கு இது போதும். ஆனால் அவ்வெண் எந்த வெப்பநிலையில் அளந்தது என்று கேட்க. 60974-1 என்னும் பன்னாட்டு நெறிப்படி 40 பாகை செல்சியஸில் அளத்தல்வேண்டும். 20 அல்லது 25 பாகையில் அளந்து பெருமை பேசும் பொறி, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவ்வளவு உழைக்காது.

நான்காவது, பொறியின் வகை. பழைய வகைப்பொறியுள் கனத்த இரும்பு மின்மாற்றி இருக்கும். எடை 25 கிலோவிற்கு மேற்படும்; ஆனால் எதனையும் பொறுக்கும். இன்வெர்ட்டர் என்னும் புதுவகை, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திருப்பித் திருப்பிச் சிறு மின்மாற்றியினூடே செலுத்துவது. எடை 10 அல்லது 15 கிலோவே. தூக்கிச்செல்லவேண்டுவோர்க்கு இதுவே ஏற்றது. ஆயினும் இதற்கு ஒரு பகையுண்டு: கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூள். அதனைப் பொறியின் விசிறி உள்ளிழுத்தால் மின்பலகை கெடும். ஆதலின் தேய்க்கும் இடத்தையும் பொறி நிற்கும் இடத்தையும் பிரித்துவைக்க.

ஐந்தாவது, வாயு வேண்டுமா, வேண்டாவா என்பது. வாயுவின்றி இயங்கும் பொறிகளில், நடுவே மருந்துப்பொடி அடைத்த கம்பி ஓடும். அப்பொடியே எரிந்து காப்பளிக்கும். காற்று வீசும் திறந்தவெளியிலும் இது பயன்படும், சிலிண்டர்ச் செலவுமில்லை. ஆனால் புகையும் தெறிப்பும் மிகுதி, கசடு தட்டவேண்டும். மிக மெல்லிய தகட்டிற்கு உதவாது. வாயுவுடன் வேலைசெய்தால் சுத்தமாக அமையும். முக்காற்பங்கு ஆர்கானும் காற்பங்கு கரியமிலவாயுவும் கலந்தது மெல்லிய வேலைக்கு நன்று. தனிக் கரியமிலவாயு விலை குறைவு, ஆழமாகவும் உருக்கும், தெறிப்பு சற்று மிகும். இருவகைக் கம்பியும் ஓடும் பொறியே வாங்குக. வெறுங்கம்பிக்கு டார்ச் நேர்முனையிலும், மருந்துக்கம்பிக்குப் பெரும்பாலும் எதிர்முனையிலும் இணைதல்வேண்டும். ஆதலின் முனைமாற்ற இடமுள்ளதா என்று திறந்து பார்த்தே வாங்குக.

சிலிண்டரின் கணக்கும் அறியத்தக்கது. 10 லிட்டர்ச் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஆர்கான் கலவை இருப்பின், ஏறக்குறைய 1,500 லிட்டர் வாயு ஆகும். நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் 150 நிமிடம் வரும். அழுத்தமானி இறங்க இறங்க மிச்சம் தெரியும். கரியமிலவாயுவோ சிலிண்டரில் நீர்மமாக இருப்பது. நீர்மம் தீரும்வரை முள் இறங்காது நின்று, பின் திடீரென வீழும். ஆதலின் அதனை எடைபோட்டே மதிப்பிடுதல்வேண்டும். ஒரு கிலோ ஏறத்தாழ 540 லிட்டர் வாயு தரும்.

இறுதியாகச் சில உறுப்புக்கள். 5 கிலோ கம்பிச்சுருள் கொள்ளும் பொறி நன்று. 1 கிலோச் சுருள் வாங்குவோர் கிலோவிற்குக் கூடுதல் விலை கொடுப்பர். டார்ச் பொறியோடு பிரிக்கமுடியாமல் இணைந்திராமல், யூரோ இணைப்பு என்னும் பொதுவகை இணைப்புடன் இருப்பின் எங்கும் மாற்றுறுப்புக் கிடைக்கும். ராடு வைத்தும் பற்றவைக்கக்கூடிய பொறியாயின் மிக நன்று. அதன் பயன் பின்னர்ப் புலனாகும்.

பொறியை ஆளுதல்

முதல் வேலை தூய்மை. ராடுக்கு மேற்பூச்சு உண்டு. அது சிறிதளவு அழுக்கைப் பொறுக்கும். வெறுங்கம்பிக்கு அத்துணையில்லை. துரு, வண்ணம், எண்ணெய், ஆலையிலிருந்து வரும் கருஞ்செதில் ஆகிய யாவற்றையும் இணைப்பின் இருபுறமும் வெள்ளி காணத் தேய்க்க. எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தையும் அவ்வாறே தேய்த்து, வேலை நடக்குமிடத்திற்கு அருகே மாட்டுக.

கம்பி: 1 மி.மீ. அளவான தகட்டிற்கு 0.6 மி.மீ. கம்பியும், மற்ற வீட்டுவேலைக்கு 0.8 மி.மீ. கம்பியும் ஏற்றவை. ஈ.ஆர். 70 எஸ்-6 என்னும் வகை எளிதிற் கிடைப்பது; அதிலுள்ள சிலிக்கனும் மாங்கனீசும் சிறு துருவின் தீங்கை ஓரளவு நீக்கும். டிப் என்னும் செப்புத் துளைமுனையும் உருளையின் பள்ளமும் கம்பியின் அளவிற்கு ஒத்திருத்தல்வேண்டும். உருளையை மிக இறுக்கினாற் கம்பி நசுங்கும்; மிகத் தளர்த்தினால் வழுக்கும். கையுறையிட்ட விரல்களாற் கம்பியை மெல்லப் பிடித்தபொழுதும் நில்லாமல் ஓடுமளவே போதும். அவ்வாறு சோதிக்கும்பொழுது கிளாம்ப்பைக் கழற்றிவைக்க.

குமிழ்கள் இரண்டு: ஒன்று வோல்ட், மற்றொன்று கம்பியின் வேகம். வேகமே ஆம்பியரைத் தீர்மானிப்பது. 0.8 மி.மீ. கம்பி நிமிடத்திற்கு 4 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 80 ஆம்பியர் ஆகும். பொறியில் எண் காட்டாவிடின், 10 நொடி ஓடவிட்டு வெளிவந்த கம்பியை அளந்து ஆறாற் பெருக்குக, 67 செ.மீ. வந்தால் அவ்வேகமே. வேகம் மிகுந்தாற் கம்பி தகட்டை முட்டிக் கையைப் பின்தள்ளும். குறைந்தால் நுனியில் உருண்டை திரண்டு, கம்பி டிப்பிலேயே உருகி ஒட்டும். இரண்டும் பொருந்தியவிடத்து, காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோன்ற இடையறா ஒலி எழும். கண்ணினுங் காதே இவ்விடத்து நல்லாசான்.

டிப்பிற்கும் தகட்டிற்கும் இடையே 10 மி.மீ. இருக்கட்டும். கை அறியாது பின்வாங்கினால் ஆம்பியர் குறைந்துவிடும். டார்ச்சை 10 அல்லது 15 பாகை சாய்த்து, வாயுவுடனாயின் முன்னோக்கித் தள்ளுக; மருந்துக்கம்பியாயின் பின்னோக்கி இழுக்க. நோக்கு சுடரின்மேலன்று, அதன்முன் உருகிநிற்கும் குட்டையின் விளிம்பின்மேல் இருத்தல்வேண்டும். அக்குட்டை இருபுறத்துத் தகட்டையும் நனைத்துக்கொண்டு செல்கின்றதா என்பதே கேள்வி. குட்டை முந்தி ஓட, கம்பி அதன்மேல் எரியுமாயின், அடியில் ஒன்றுதல் இல்லை என்று அறிக.

வாயு நிமிடத்திற்கு 10 முதல் 12 லிட்டர் போதும். மிகுதியாகத் திறந்தாற் சுழல் உண்டாகிக் காற்றையே இழுத்துவரும். மின்விசிறியை டார்ச்சின்மேல் வீசவிட்டால் வாயு கலைந்து, வரம்பு ஆப்பத்தின் மேற்புறம்போலத் துளைதுளையாகும்.

நீண்ட இணைப்பை ஒரே ஓட்டமாக இடாது, முதலில் ஆங்காங்கே சிறு புள்ளிகளாற் பிடித்து, கோணம் சரிபார்த்து, பின்னர் மாறிமாறிச் சிறு பகுதிகளாக நிரப்புக. இன்றேல் வெப்பத்தாற் சட்டம் கோணும். 4 மி.மீ.க்கு மேற்பட்ட தகடாயின் விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்துப் பள்ளமாக்கி, அடிமுதல் மேல்வரை பல வரம்புகளாக நிரப்புதல்வேண்டும். இன்னும் கனத்ததாயின் மிக்கை விட்டு 3.15 மி.மீ. ராடை எடுத்தலே அறிவுடைமை. ராடும் எரிக்கும் பொறியை வாங்குக என்று மேலே கூறியது இதன்பொருட்டே.

உடைத்துப் பார்த்தல்

வரம்பின் அழகைக்கொண்டு உறுதியைத் துணியலாகாது. துணிதற்கு வழி ஒன்றே: உடைத்துப் பார்த்தல். செய்யப்போகும் வேலைக்கு உரிய அதே கனமுள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றன்மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒருபுறம் மட்டும் பற்றவைக்க. ஆறியபின் வைஸில் இறுக்கி, நிற்கும் துண்டை வரம்பின்மேல் மடங்குமாறு சம்மட்டியால் அடிக்க. தகடு வளைந்தும் வரம்பு பெயராதிருப்பின் நன்று. வரம்பே நடுவிற் பிளந்து, இருபுறமும் கிழிந்த இரும்பின் சொரசொரப்பைக் காட்டினாலும் ஒன்றுதல் நிகழ்ந்தது என்று கொள்ளலாம். வரம்பைச் சற்றுப் பெரிதாக்குக. தேய்த்த கீற்றுக்கள் அழியாமற் பளிச்சென்று தோன்றுமாயின், ஆம்பியரைக் கூட்டி மீண்டுஞ் செய்க. பத்து நிமிட வேலையும் கையளவு இரும்பும் அன்றி இதற்கு வேறு செலவில்லை. இதனைச் செய்யாதவன் தன் வேலையைத் தானே அறியான். அதன்மேல் அமர்பவரே அவனுக்காகச் சோதிக்கின்றனர்.

உடலைக் காத்தல்

மின்வில்லின் ஒளியை வெறுங்கண்ணாற் கண்டோர்க்கு உடனே ஒன்றுந் தோன்றாது. சில மணிநேரங் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை வாரி இட்டாற்போல் உறுத்தி நீர் பெருகும். புறஊதாக் கதிர்கள் கருவிழியின் மேற்புறத்தைச் சுட்டதன் விளைவு அது. 10 அல்லது 11 ஆம் எண் கண்ணாடியுள்ள முகமூடி அணிக. அருகில் நிற்கும் சிறுவர்க்கும் அயலார்க்கும் ஒளி படாதவாறு திரையிடுக. தோலும் அக்கதிராற் கருகும். ஆதலின் முழுக்கைப் பருத்திச் சட்டை, தோற்கையுறை, மூடிய காலணி ஆகியன வேண்டும். நைலான் சட்டையும் ரப்பர்ச் செருப்பும் வேண்டா.

புகையை எளிதாக எண்ணற்க. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2017 ஆம் ஆண்டில் பற்றவைப்புப் புகையை ஆராய்ந்து, மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பிற் சேர்த்தது. புகைக்கு மேலே தலையை நீட்டாது, பக்கத்தே நின்று, கதவு சாளரங்களைத் திறந்துவைத்து, உரிய புகைவடிமூடி அணிந்து வேலைசெய்க. ஜி.ஐ. குழாயின்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு எரிந்தால் அன்றிரவே குளிருங் காய்ச்சலும் வரும். பால் அருந்தினால் தீங்கில்லை என்னும் வழக்கு காப்பாகாது. பூச்சை முன்னரே தேய்த்து நீக்குக. குளோரின் கலந்த துப்புரவுத் திரவத்தாற் துடைத்த இரும்பைப் பற்றவைத்தல் பெருந்தீங்கு. நச்சுவாயுவாகிய பாஸ்ஜீன் தோன்றும். ஆர்கான் காற்றினுங் கனமானது. தாழ்ந்த குழியிலும் தொட்டியிலும் தங்கி மூச்சைத் தடுக்கும்.

எண்ணெயோ பெட்ரோலோ இருந்த பீப்பாயையும் தொட்டியையும் வெறுமையென்று நம்பித் தொடாதீர். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியாற் கட்டிவைக்க. அருகே நீரும் மணலும் இருக்கட்டும். வேலை முடிந்தபின் அரைமணிக்குக் குறையாமல் அவ்விடத்தைவிட்டு அகலாதிருக்க. தெறித்த பொறியொன்று மரத்தூளில் மறைந்திருந்து பின்னர்ப் பற்றுதல் உண்டு. உடலில் இதயத் துடிப்புக்கருவி பொருத்தப்பெற்றோர் மருத்துவரைக் கேளாது இப்பொறியை அணுகற்க.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இரும்பின் கனத்திற்கும் வீட்டு மின்சாரத்திற்கும் ஒத்த பொறியைத் தேர்தலும், தூய்மையும் உரிய வெப்பமும் கொண்டு அதனை ஆளுதலும், உடைத்துப்பார்த்து உறுதிகொள்ளுதலும் வேண்டுமென்பது பெறப்பட்டது. இத்துணையும் கற்றபின்னும் வீட்டில் தொடத்தகாத வேலைகள் சில உண்டு. வண்டியின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும், அழுத்தந் தாங்கும் கலங்களும், உயரத்தில் ஏறும் ஏணியும் தேர்ந்த தொழிலாளர்க்கே உரியன. எல்லையறிதலும் தொழிலறிவில் ஒரு பகுதியே.

அவ்வூஞ்சல் என்ன ஆயிற்று என்று கேட்பீராயின், அது இன்றும் ஆடுகின்றது. இரண்டாம் முறை மிக்கை விடுத்து ராடு கொண்டேன். விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்தேன்; முதலில் நான்கு மாதிரித் துண்டுகளை இணைத்து வைஸிலிட்டு அடித்தேன். இரண்டு பெயர்ந்தன, அளவை மாற்றியபின் செய்த இரண்டும் பெயரவில்லை. அதன்பின்னரே கொண்டியைச் செய்தேன். மேலே மூன்று மணல்மூட்டைகளை ஏற்றி ஓரிரவு தொங்கவிட்டேன். காலையில் அம்மூட்டைகளை இறக்கிவிட்டு யான் அமர்ந்தேன். தங்கை மகனை அமர்த்தியது அதற்கும் பின்னரே. புதிய கொண்டியின் வரம்பு முந்தியதைப்போல் அத்துணை அழகாக இல்லை. கண்டவர் எவரும் புகழ்ந்ததுமில்லை. அதனடியிற் கீற்றுக்கள் இல்லை என்பதை மட்டும் யான் அறிவேன்.